ஏழாம் நம்பரின் கன்னம்

ஏழாம் நம்பரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பது விதி. கண் அறுவை நடக்கும் கட்டடத்துக்கும் நாங்கள் செல் வளர்க்கும் கட்டடத்துக்கும் நடுவே இருப்பது நாற்பது அடி நடைபாதைதான். அந்த நாற்பது அடிக்குள் நோயாளியின் பெயர், ஊர், முகம் எல்லாம் உதிர்ந்துபோய், எங்கள் கைக்கு வந்து சேர்வது ஓர் எண்ணும், சின்னக் குப்பியில் மிதக்கும் துவரம்பருப்பு அளவு சதையும்தான். ஆண், வயது எழுபத்திரண்டு, இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு தெறித்து வெந்தது, முதலில் சரிசெய்வது இடது கண், கிள்ளுவது இடது கன்னம். சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்.

சுண்ணாம்பு கருவிழியின் மேல்தோலை மட்டும் வேகவைப்பதில்லை. அந்தத் தோலைத் திரும்ப முளைக்கவைக்கும் செல்களையும் அழித்துவிடுகிறது. அப்புறம் கண்ணின்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்து, பகலும் பனிமூட்டமும் ஒன்றாகிவிடும். அந்த மனிதரின் கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்து, கிண்ணத்தில் இட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஊட்டம் கொடுத்து, மெல்லிய படலமாக வளர்த்துத் தருவது என் வேலை. டாக்டர் அதைக் கண்மேல் விரித்துவிடுவார். கன்னம் கண்ணாகிவிடும். சொல்வதற்கு ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்கு நான் பதினாறு வருடம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு கல்யாணமும் போயிற்று.

எங்கள் கிண்ணத்தின் அடியில் ஒரு பூச்சு இருக்கிறது. உடம்புச் சூட்டில் இருக்கும்வரை செல்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறினால் விட்டுவிடும். கத்தி வேண்டாம், மருந்து வேண்டாம். நேரம் வந்ததும் கிண்ணத்தை ஆறவைத்தால், ஆறிய பாலின் ஆடையைப் போல முழுப் படலமும் தானே எழும்பி வரும். எழும்பிவிட்டால் ஒரு நாளைக்குள் கண்ணில் வைத்தாக வேண்டும். திரும்ப ஒட்டாது. நாழி ஆக ஆகச் சுருங்கிக்கொண்டே போகும்.

ஏழாம் நம்பருடையது டிசம்பரிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. மனிதருக்குச் சளிக்காய்ச்சல் வந்து, கன்னத்தில் கிள்ளுவது பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிப்போனது. அறுவை ஜனவரி ஐந்து என்றார்கள். ஆக, ஜப்பானே மூடிக்கிடக்கும் புத்தாண்டு விடுமுறை முழுக்க யாராவது தினமும் வந்து ஊட்டம் மாற்ற வேண்டும். தோகாஷி பேராசிரியர் கூட்டத்தில் அதைச் சொன்னபோது, மேசையைச் சுற்றி இருந்த ஒன்பது பேரும் அவரவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"ஒகினோ சான், நீங்க... எங்கயும் போகலைல்ல?" என்றார் பேராசிரியர் என்னைப் பார்த்து.

"போகலை."

"ரொம்ப சங்கடமா இருக்கு, உங்களையே எப்பவும்..."

"பரவாயில்ல சென்செய்," என்றேன். பேராசிரியரையும் டாக்டரையும் நாங்கள் கூப்பிடுவது அப்படித்தான்.

ஒன்பது கழுத்துகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். குடும்பம் இல்லாதவளின் விடுமுறை பொதுச்சொத்து என்பது எங்கள் துறையில் எழுதாத சட்டம். கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் பொய் சொல்வானேன், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன்?

இருபத்தெட்டாம் தேதி வருடாந்தரப் பெரிய சுத்தம். ஆளுக்கொரு துணியோடு ஜன்னல், அலமாரி, குழாய் எல்லாவற்றையும் துடைத்து முடித்ததும் விடுமுறைக்கு முந்தைய சரிபார்ப்புத் தாள் வந்தது. ஒவ்வோர் அறைக் கதவிலும் தீத் தடுப்புப் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயர் தொங்கும். எங்கள் அறையில் தொங்குவது என் பெயர். மொத்தம் இருபத்துமூன்று கேள்விகள். பதினெட்டாவது: 'பயன்பாட்டில் இல்லாத மின்பலகைகள் அணைக்கப்பட்டனவா?' நான் குனிந்து மேசைக்கடியில் இருந்த மின்பலகையை அணைத்தேன், 'ஆம்' என்று வட்டமிட்டேன், முத்திரை குத்தினேன். எல்லோரும் ஒருவரையொருவர் வணங்கி, நல்ல வருடம் பிறக்கட்டும் என்று சொல்லிக் கலைந்தார்கள்.

அந்தப் பலகையில்தான் மைக்ராஸ்கோப்பின் சூட்டுத் தட்டைச் செருகியிருந்தோம். பார்க்கும் நேரத்தில் கிண்ணம் ஆறிவிடாமல் காக்கிற தட்டு. தாளில் கேள்வி கேட்டால் பதில் சொல்வது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கேள்விக்குப் பின்னால் யோசிப்பது ஊறவில்லை.

அடுத்த நான்கு நாளும் அது தெரியாமலே போயிற்று. உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரிலிருந்து கிண்ணத்தை எடுப்பேன், இரண்டே நிமிடத்தில் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன், ஊட்டம் மாற்றுவேன். பதிவேட்டில் 'வெளியே இருந்த நேரம்' என்ற கட்டத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு. முப்பதாம் தேதி, காப்புக்காக வளர்த்த இரண்டாவது கிண்ணத்தின் படலத்தில் ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துத் தள்ளுபடி என்று எழுதினேன். மிஞ்சியது ஒன்று. ஒரு மனிதர், ஒரு கண், ஒரு கிண்ணம்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஹொகுரிகுக் கடலோரப் பனிக்கு ஈரம் அதிகம். விழும்போது சத்தமே இருக்காது, விழுந்தபின் கூரையை அமுக்கும். பேருந்து இரண்டு மணிக்கு ஒன்று. வழியில் இருபத்துநான்கு மணிநேரக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. ஜனவரி இரண்டாம் தேதி காலை அங்கே சுடச்சுட ஒரு காபி வாங்கிக்கொண்டு, "பை வேண்டாம்" என்றேன். சொல்லிவிட்டு நடக்கும்போதுதான் உறைத்தது: இருபத்தெட்டாம் தேதிக்குப் பிறகு ஒரு மனிதரிடம் நான் பேசியது இந்த 'பை வேண்டாம்' மட்டும்தான். ஐந்து நாளில் ஐந்து தடவை. குரல் கூடக் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

அன்று கிண்ணத்தை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தேன். அடடா, அப்படி ஒரு படலம்! கல் பாவிய முற்றம்போலச் செல்கள் நெருக்கியடித்து, ஒரு சந்து இல்லாமல், ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றன. எழுபத்திரண்டு வயதுக் கன்னம் என்று சொன்னால் நம்ப முடியாது.

"புத்தாண்டு வாழ்த்துகள்," என்றேன்.

முகமூடிக்குள் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. இந்த வருடம் எனக்கு மூன்று வாழ்த்து அட்டைகள் வந்தன என்று சொன்னேன். ஒன்று பல் டாக்டர், ஒன்று முடி வெட்டும் கடை. மூன்றாவது ஈமச்சடங்கு நிறுவனம். இப்போதே சேர்ந்தால் தள்ளுபடியாம். மூன்றும் மனப்பாடம், அப்படியே ஒப்பித்தேன். நீங்கள் யார், சுண்ணாம்போடு என்ன வேலை உங்களுக்கு, யாராவது உங்களுக்குப் புத்தாண்டு சூப் வைத்துக் கொடுத்தார்களா, கன்னத்தில் புண் ஆறிவிட்டதா என்று கேட்டேன். என் வீட்டில் மூன்று வருடமாக ஒரே ஒரு சோற்றுக்கிண்ணம்தான் கழுவி வைக்கப்படுகிறது என்பதையும் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செல்கள் மிக நன்றாகக் கேட்டன. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பார்த்துக்கொண்டிருந்தபோதே முற்றத்தின் ஒரு மூலை மங்கியது. லென்ஸைத் திருகினேன். தெளிந்தது, மறுபடி மங்கியது. ஓரம் மேலெழும்பிக்கொண்டிருந்தது.

கையைத் தட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

இன்குபேட்டரின் கதவு திறந்த நேரத்தை இயந்திரமே குறித்து வைக்கும்: பத்து நாற்பத்திரண்டு. சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்துமூன்று. அறைச் சூட்டையும் விடுமுறைக்காகக் குறைத்திருந்தார்கள். கிண்ணத்தை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். கண் பட்டுவிட்டது என்பார்களே, இங்கே பட்டது என் கண்தான்.

பதிவேட்டை எடுத்தேன். 'வெளியே இருந்த நேரம்.' பேனா பழக்கத்தில் இரண்டு என்று எழுதப் போனது.

எழுதியிருக்கலாம். எங்கள் தொழிலில் பழியைப் போட எப்போதும் ஓர் ஆள் தயாராக இருக்கும்: செல். வயசான செல், சில நேரம் இப்படித்தான் என்றால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். இயந்திரத்தின் குறிப்பை யாரும் புரட்டுவதில்லை. ஐந்தாம் தேதி திறந்துபார்த்து, அடடா என்று சொல்லி, ஏழாம் நம்பரை இன்னொரு கன்னத்தையும் காட்டச் சொல்லலாம். ஆனால் அந்த மனிதருக்கு ஏற்கெனவே இரண்டு மாதக் காத்திருப்பு. இன்னொரு தரம் கிள்ளக் கொடுப்பார் என்று என்ன நிச்சயம்? போதும், விடுங்கள் என்று எழுந்து போனவர்கள் உண்டு. நான்காம் நம்பர் அப்படித்தான் போனார்.

பதினொன்று என்று எழுதினேன். எழுதிவிட்டு அறுவை செய்யும் முராகோஷி டாக்டரின் எண்ணை அழுத்தினேன். புத்தாண்டின் முதல் மூன்று நாளில் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்வது என்றால் ஒன்று சாவு, இல்லையென்றால் அதைவிட மோசமானது.

"முராகோஷி சென்செய், புத்தாண்டு வாழ்த்துகள். போன வருஷம் உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். இந்த வருஷமும் நீங்க தயவு வைக்கணும்."

"வாழ்த்துகள், ஒகினோ சான். தொந்தரவெல்லாம் என் பக்கந்தான். இந்த வருஷமும் பாத்து நடத்துங்க." அவர் பின்னால் தொலைக்காட்சியில் தொடரோட்டப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை, "பாட்டி, ஊதாச் சட்டை விழுந்துட்டான்!" என்று கத்தியது.

வீடு பற்றி எரிந்தாலும் வாழ்த்தை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கேட்கும் சனம் நாங்கள்.

"சொல்லுங்க, என்ன ஆச்சு? நீங்க சும்மா கூப்பிடற ஆள் இல்லையே."

"படலம் எழும்பிடுச்சு."

"எவ்வளவு?"

"ஒரு பக்கமா, கால்வாசி. இன்னும் சுருங்கும்."

"கரண்ட் போச்சா?"

ஆமாம் என்றால் முடிந்தது. வெளியே பனியும் சாட்சி சொல்லும்.

"இல்ல. நான் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். பதினோரு நிமிஷம். சூட்டுத் தட்டு அணைஞ்சு கெடந்துச்சு. அணைச்சதும் நான்தான்."

"பதினோரு நிமிஷம் அப்படி என்னத்தப் பாத்தீங்க?"

"பேசிக்கிட்டு இருந்தேன்."

"யாரோட?"

"செல்லுங்களோட."

டாக்டர் சிரிக்கவில்லை. பந்தயத்தின் இரைச்சல் குறைந்தது. வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"சரி, அழாதீங்க. கிண்ணத்துல உப்புத்தண்ணி விழுந்தா அது வேற வம்பு. கிருமிப் பரிசோதனை வந்துருச்சுல்ல?"

"முப்பதாம் தேதியே வந்துருச்சு. சுத்தமா இருக்கு."

"அப்ப நாளைக்குக் காலையிலயே பண்ணிருவோம். ஆபரேஷன் தியேட்டர் ஆளுங்களை நான் கூப்பிடறேன். அந்த மனுஷன் ஊர்லதான் இருக்காரு, தனியா... ஐயோ, நான் இதச் சொல்லக் கூடாது. உங்க காதுல விழலை."

"விழலை, சென்செய்."

விழுந்தது. வேறொன்றும் விழாத காதில் 'தனியா' என்ற அந்த ஒரு சொல் அன்று முழுக்க நின்றது. அவரும் ஒரே ஒரு சோற்றுக்கிண்ணம் கழுவுகிறவர்.

மறுநாள் காலை கிண்ணம் இருந்த பெட்டியை இரட்டைக் கதவு ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கையுறை நீண்டு வாங்கிக்கொண்டது. ஜன்னல் சாத்தப்பட்டது. மதியம் முராகோஷி டாக்டர் போனில் சொன்னார்: "நல்லா ஒட்டிருச்சு. ஆனா பத்தலை. கீழே, மூக்குப் பக்கமா, ஒரு பிறை அளவுக்கு விட்டுப்போச்சு. என்னால முடிஞ்சத இழுத்துப் பாத்தேன்." நான் நன்றி சொன்னேன். பிறை என்ற சொல்லை அவர் மிக மெதுவாகச் சொன்னார்.

விடுமுறை முடிந்து எல்லோரும் ஊர்ப் பலகாரப் பெட்டிகளோடு வந்தார்கள். நான் விபத்தறிக்கை வாசித்தேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனிமே நடக்காம பாத்துக்கலாம்," என்றார் பேராசிரியர். சரிபார்ப்புத் தாளில் இருபத்துநான்காவது கேள்வியாகச் சூட்டுத் தட்டைச் சேர்த்தார்கள். மைக்ராஸ்கோப் பக்கத்தில் இரண்டு நிமிடத்தில் கத்துகிற கோழிக்குஞ்சு உருவக் கடிகாரம் ஒன்று வந்தது. பதினோரு நிமிடம் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒகினோ சானுக்குச் சங்கடமாக இருக்கும் என்று எல்லோரும் அன்போடு என்னைத் தனியே விட்டார்கள்.

ஏப்ரல் கடைசி. மருத்துவமனை உணவகத்தில் மதியக் கூட்டம். நான் வழக்கம்போலத் தூணோரத்து இரண்டு பேர் மேசையில், எதிர் நாற்காலியில் என் பையை உட்காரவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இங்க உக்காரலாமா? எங்கயும் இடம் இல்ல."

கையில் உடோன் நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஒரு பெரியவர். பையை எடுத்தேன். அவர் உட்கார்ந்து, சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட ஆரம்பித்தார். வலது பக்கமாகவே மென்றார். வலது கண் பால்போல வெளுத்திருந்தது. இடது கண் கொஞ்சம் சிவந்து, ஈரமாக, திறந்திருந்தது. ஏழாம் நம்பருக்கு இடது கண். கிள்ளியதும் இடது கன்னம். என் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தேன்.

"மெல்லும்போது வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

"வலி எல்லாம் போயாச்சு, பழக்கம் போகலை. உள்ள கொஞ்சம் கிள்ளி எடுத்தாங்க. அத வளத்துக் கண்ணுல ஒட்டிருக்காங்களாம். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறான். கன்னத்துலயா பாக்கறேன்னு கிண்டல் பண்றான்." அவர் கண்ணைச் சிமிட்டினார். "நாப்பது வருஷம் சுவத்துக்குப் பூச்சு வேல. சுண்ணாம்பு வாளி கவுந்துச்சு. கடைசியில எனக்கே பூச வேண்டியதாப் போச்சு."

"இப்ப நல்லாத் தெரியுதா, ஐயா?"

"பஸ் நம்பர் தெரியுது. இந்த உடோன்ல இறால் ஒண்ணுதான் போட்டிருக்கான், அதுவும் தெரியுது. ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் பனி நிக்குது."

"கீழே, மூக்குப் பக்கமா?"

அவருடைய குச்சிகள் நின்றன.

"எந்த ஓரம்னு நான் சொல்லலையே."

நான் என் தட்டைப் பார்த்தேன். பக்கத்து மேசையில் தட்டுகள் மோதிக்கொண்டன. எழுந்து போயிருக்கலாம். விதியும் அதைத்தான் சொல்கிறது.

"நீங்கதானா அது?" என்றார் மெதுவாக. "மூணாம் தேதி விடிஞ்சும் விடியாமலும் வரச் சொன்னாங்க. இந்தப் பண்டிகைல யாரும்மா வேல பாக்கறாங்கன்னு கேட்டேன். ஒருத்தங்க இருக்காங்கன்னாங்க. பேரு சொல்ல மாட்டேன்னுட்டாங்க. எம் பேரு..."

"சொல்லாதீங்க! தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அந்தப் பனி என்னால வந்தது," என்றேன். "பதினோரு நிமிஷம் வெளியே வச்சுட்டேன். ஆறிப்போய் சுருங்கிடுச்சு. இல்லன்னா முழுசா மூடியிருக்கும். மன்னிச்சிருங்க." மேசைவரை தலை குனிந்தேன்.

"பதினோரு நிமிஷம் என்ன பண்ணீங்க?"

முராகோஷி டாக்டருக்குப் பிறகு நான்கு மாதமாக யாரும் கேட்காத கேள்வி.

"உங்க கன்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப அழகா இருந்துச்சு."

பெரியவர் குச்சிகளைக் கிண்ணத்தின் குறுக்கே வைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பில் சிவந்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்காமல் விட்டார்.

"எம் பொண்டாட்டி நாப்பத்தொரு வருஷம் இருந்தா. எம் மூஞ்சியப் பதினோரு நிமிஷம் சேந்தாப்புல பாத்ததில்ல, போய்ச் சேந்துட்டா." கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். "தலைய நிமுத்துங்கம்மா. நாங்களும் சுவத்துல மூலைல கொஞ்சம் விட்டுப்போச்சுன்னா, அங்க ஒரு அலமாரிய நகத்தி வச்சுருவோம். வீட்டுக்காரன் முப்பது வருஷம் சந்தோஷமா இருப்பான்."

நிமிர்ந்தேன். அவர் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, பனி இல்லாத பக்கமாகத் திருப்பி, இடது கண்ணால் என்னைப் பார்த்தார். அவசரமே இல்லை. நான் வளர்த்த படலம், அவருடைய கன்னம், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"உங்க கன்னத்துல மை இருக்கும்மா," என்றார். "நீலம். இந்தா, இங்க." தன் கன்னத்தில் தொட்டுக் காட்டினார்.

கிண்ணங்களில் எண் போடும் பேனா. காலை எட்டரை மணிக்கு அதைப் பிடித்தேன். ஒன்பதரைக்கு ஆய்வுக் கூட்டம். பேராசிரியருக்கு எதிரில் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினேன். ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர் காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார். தேய்த்தேன்.

"போயிருச்சா?"

"இன்னும் இல்ல. கொஞ்சம் மேல. அவசரப்படாதீங்க, நான் பாத்துச் சொல்றேன்."